ஒற்றைக்காது நரி இரண்டு சுவருக்கும் வந்தது

எங்கள் தெருவில் வீடியோ கேம் விற்கும் கடை ஒன்றுதான் இருக்கிறது. அதன் உரிமையாளருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பில்லின் தலையில் அது அச்சாகியும் இருக்கிறது. ஆனால் தெருவுக்கு அவர் பெட்டிக்காரர். பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வருகிறவர்களை அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே அழைப்பார்.

கடைக்குள் கால் வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல என்ன நிறம்?" என்பது. வாங்க, உட்காருங்க, என்ன வேணும் எல்லாம் அதற்குப் பிறகுதான். காரணம் எளிது. விளையாட்டை ஓட்டும் பெட்டிகளை இரண்டு பெரிய கம்பெனிகள் செய்கின்றன. ஒன்றின் பெட்டி கறுப்பு, மற்றதன் பெட்டி வெள்ளை. கறுப்புக்குச் செய்த டிஸ்க் வெள்ளையில் ஓடாது, வெள்ளைக்குச் செய்தது கறுப்பில் ஓடாது. தப்பான நிறத்தை வாங்கிப்போய் வீட்டில் முகம் வாடுகிறவர் ஒருவர்கூடத் தன் கடையிலிருந்து போகக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அதனால் நிறம்தான் முதலில்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய பெரியவர் ஒருவரிடமும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார். "போன மாசம்தான் இளநீலம் அடிச்சோம். ஹால்ல மட்டும் இன்னும் பாக்கி இருக்கு" என்று அவர் பொறுப்பாகப் பதில் சொன்னார். தனக்குத் தெரியாமல் இளநீலத்தில் ஒரு பெட்டி வந்துவிட்டதோ என்று பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாக அவர் மனைவி சொல்கிறார். இவர் அதை இன்றுவரை மறுக்கிறார்.

நான் அடுத்த கடையில் மூக்குக்கண்ணாடிக்கு பிரேம் மாட்டுகிறவன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே லென்ஸ் ஆடும். ஆகவே இதில் நான் ஊகித்து எழுத வேண்டியது அதிகம் இல்லை.

கடை நீளமானது, அகலம் குறைவு. நுழைந்தால் இடது சுவர் முழுக்கக் கறுப்பு, வலது சுவர் முழுக்க வெள்ளை. கடைசியில், இரண்டு சுவரும் முடியும் இடத்தில், கல்லா. அங்கே அவர் மனைவி. வாசலை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி பெரிய முன் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு டிவியும் கறுப்புப் பெட்டி ஒன்றும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து நின்று சும்மா ஆடலாம். அங்கே ஆடுகிறவரிடம் மட்டும் பெட்டிக்காரர் எதையும் கேட்க மாட்டார். நிறத்தைக்கூட. "சும்மா ஆடுறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாலும் வாங்கச் சொல்ற மாதிரி ஆயிடும். அப்புறம் அவருக்கு ஆட்டம் ஓடாது" என்பார். கடை திறந்த நாளிலிருந்து இருக்கும் சட்டம் அது. இந்தக் கதையில் அவரைக் கவிழ்த்துவிட்டதும் அதுதான்.

அவருக்கு இந்தத் தொழிலை யாரும் சொல்லித்தரவில்லை. இளவயதில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடையில் இருந்தார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த பழைய கேம் பெட்டி ஒன்றைத் திரும்ப வாங்க ஆள் வரவில்லை. இவர் அதைக் கழற்றினார், மாட்டினார், ஓடவிட்டார். பிறகு வேறு எதற்கும் திரும்பவில்லை. மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல் இவர் கேம் உறைகளின் பின்பக்கத்தைப் படிப்பார். டிஸ்க்கைத் துடைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில்தான் துடைப்பார். வட்டமாகத் துடைக்கிறவர்களைக் கண்டால் பல் கூசுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு முறை என் கடையில் நான் லென்ஸை வட்டமாகத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். அது அவர் காட்டிய பெருந்தன்மை.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஆட மட்டும் வராது. 'சாம்பல் தீவு' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. எரிமலை வெடித்து அணைந்த தீவில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண், அவளுக்குத் துணையாக ஒரு காது போன நரி ஒன்று. அதன் முதல் பாகத்தில் முதல் பாலத்தில் ஒரு நண்டு நிற்கும். பெட்டிக்காரர் இந்த வாழ்க்கையில் அந்த நண்டைத் தாண்டியதில்லை. நண்டு எப்போது கையைத் தூக்கும், எப்போது இடது பக்கம் சாயும், எந்த நொடியில் குதிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு அழகாகச் சொல்வார். அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். இவர் குதித்தால் நேராக நண்டின் மடியில் போய் உட்காருவார். அவர் மனைவியோ மதியம் ஆள் வராத நேரங்களிலேயே மூன்று பாகங்களையும் முடித்துவிட்டார். இந்த விஷயத்தைக் கடையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியது அந்த நரிதான். சாம்பல் தீவு கறுப்புப் பெட்டிக்கு மட்டுமே வந்த விளையாட்டு. நரி வேண்டுமென்றால் கறுப்பு வாங்கியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. ஒருவர் முன் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு வாரம் ஆடுவார், இரண்டு வாரம் ஆடுவார். பிறகு ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டே கல்லாவுக்கு வந்து, "பெட்டி ஒண்ணு எடுத்துக்கலாம்னு..." என்று இழுப்பார். பெட்டி போனால் பின்னாலேயே கூடுதல் கன்ட்ரோலர், அதன் பின்னால் வேறு நான்கு விளையாட்டு என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். "நரி தனியா போகாது. கழுத்துல கயிறு கட்டிப் பெட்டியையும் இழுத்துட்டுப் போகும்" என்பார் பெட்டிக்காரர். அதனால் முன் கண்ணாடி என்றைக்கும் கறுப்பு. நடுவில் ஆளுயர அட்டை நரி. தினமும் காலையில் கண்ணாடியைத் தானே துடைப்பார், நேர்கோட்டில். வேறு யாரையும் துணியை எடுக்க விட மாட்டார்.

வலது சுவர் அவர் மனைவியின் தம்பியுடையது. செல்போன் கடையில் இருந்த அவரை அக்காதான் இங்கே கொண்டுவந்தார். பெட்டிக்காரர் அவரை 'மச்சான்' என்று கூப்பிட, கேட்டுக் கேட்டு இப்போது தெருவுக்கே அவர் மச்சான். மச்சானுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவரில் அவர் விற்றது பெரும்பாலும் கால்பந்தும் கார்ப் பந்தயமும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வருகிற சரக்கு. "எல்லா வீட்டுக்குள்ளயும் செருப்பைக் கழட்டாம நுழையிற ஆட்டம்" என்று பெட்டிக்காரர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். மச்சான் சிரித்துக்கொண்டே விற்பார். அவருக்கு ஒரே ஆசை, முன் கண்ணாடியில் பாதி. பாதி வேண்டாம், ஒரு மூலை. அத்தான் ஒரு விரல் அகலம்கூடக் கொடுக்கவில்லை. "கண்ணாடியப் பாத்துத்தான் இது எந்தக் கடைன்னு தெருவுக்குத் தெரியும். அது வெள்ளையா மாறிச்சுன்னா நான் பின்னாடி நிக்கிற ஆளாயிடுவேன்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொன்ன முகமாக இல்லை அது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சாம்பல் தீவு நான்காம் பாகம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே நாளில்.

மச்சான் செய்தியை அத்தானின் போனுக்கு அனுப்பிவிட்டு, தன் சுவரைத் தூசி தட்டத் தொடங்கினார். தூசி இல்லாத சுவர். பெட்டிக்காரர் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தூக்கி வளர்த்த பிள்ளை எதிர் வீட்டில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்த முகம். அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லாரிடமும் அந்தக் கம்பெனிக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று விளக்கினார். எல்லாருக்கும் கிடைத்தால் யாருக்கும் ஆசை இருக்காது, இனி நரிக்காக எவரும் பெட்டி வாங்க மாட்டார்கள், அதே சமயம் வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு நரியின் அருமை தெரியாது, அவர்களும் வாங்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஆக மொத்தம் யார்தான் வாங்குவார்கள் என்று அவர் மனைவி கல்லாவிலிருந்து கேட்டார். கறுப்புக்காரர்கள், என்றார் இவர். விசுவாசத்துக்காக.

கடைக்கு டிஸ்க் சப்ளை செய்யும் ஏஜென்ட் புது அட்டை நரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் காலடியில் இரண்டு கம்பெனியின் முத்திரையும் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளை முத்திரைமேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. காற்றில் அட்டை கிழியாமல் இருக்க ஒட்டினேன் என்றார் பெட்டிக்காரர். கண்ணாடிக்குப் பின்னால் எங்கிருந்து காற்று என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் மட்டும் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குளிருகிறதுபோல் போனார்.

சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாக மாறியது. டப்பாவைத் திறந்ததும் ஒருவர் நரி என்பார், மற்றவர் கண்ணாடி என்பார். நான்காவது நாள் பெட்டிக்காரரின் மனைவி தடுப்பைத் தட்டி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். கையில் பிரேமோடு போய் நின்றேன்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. ஆட்டம் வர்ற அன்னிக்கு எந்தச் சுவத்துல நரி முதல்ல காலியாகுதோ, முன் கண்ணாடி அந்தச் சுவத்துக்கு. அதுவரைக்கும் சாப்பிடுறப்ப வாயில சோறு மட்டும்தான் இருக்கணும்."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பெட்டிக்காரர் ஒப்புக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் கண்ணாடி ஏற்கெனவே தன்னிடம்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார் என்று தோன்றியது.

அடுத்தது ஆர்டர். இந்த வியாபாரத்தில் வாங்கிய டிஸ்க்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனை கறுப்பு, எத்தனை வெள்ளை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைச் சொல்வது பெட்டிக்காரரின் உரிமை. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது, பல வருடமாகப் பொய்க்காத முறை. கடை டிவி முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். நிற்கிற கூட்டம் நாளைக்கு வாங்குகிற கூட்டம். அவ்வளவுதான்.

டிவியில் சாம்பல் தீவு மூன்றாம் பாகத்தை ஓடவிட்டார். நான்காம் பாகத்துக்கு முன்னால் கதை என்னவென்று தெரிந்துகொள்ள ஆள் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று அவரே நினைக்கவில்லை. வெயிலோ மழையோ குடையைக் கையில் பிடித்தபடியே வருகிற குடைக்காரர். பேக்கரியில் வேலை செய்கிற அக்கா, மாவு ஒட்டிய ஏப்ரனோடு, சாப்பாட்டு இடைவேளையில். மகனுக்கு இது ஏற்றதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, மகனை ஒரு நாளும் கூட்டிவராத கணக்கு வாத்தியார். இன்னும் பலர். கன்ட்ரோலர் கைக்கு வர வரிசை போட்டார்கள். குடைக்காரர் நரியைக் கூப்பிடும் பட்டனை அழுத்தும்போது குடையைத் தோளில் சாய்த்துக்கொள்வார், பின்னால் நிற்பவர் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வாத்தியார் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்து, அதில் ஏதோ கோளாறு என்பதுபோல் தலையாட்டுவார்.

பெட்டிக்காரருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கறுப்புப் பெட்டிமுன் கால் வைக்க இடமில்லை. வெள்ளைச் சுவரில் வெயிலுக்கு ஒதுங்கியவர் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். "பாத்தியா மச்சான் கூட்டத்த" என்று ஒரு நாளைக்குப் பல முறை சொன்னார். நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கறுப்பு, மீதி கொஞ்சம் வெள்ளை என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டார்.

மச்சான் இதற்கு மட்டும் எதிர்ப்புத் தெரிவித்தார். கண்ணாடி போட்டிக்காக இல்லை. போனில் நிறையப் பேர் வெள்ளையில் வருகிறதா என்று கேட்கிறார்கள், இது போதாது, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருக்கும் என்று அக்காவிடமும் அத்தானிடமும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

"போன்ல கேக்கறவன் கேட்டுட்டே இருப்பான். கால்ல நிக்கிறவன்தான் வாங்குவான்" என்றார் பெட்டிக்காரர். "அந்தக் கொஞ்சமும் உன் சுவத்துல கிடந்து பழுப்பேறப் போகுது பாரு."

வரவழைத்த வெள்ளை டிஸ்க் எவ்வளவு குறைவோ, அந்தச் சுவர் அவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவர் மனைவிக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் பில் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டே ஏதோ சொல்ல வந்து, பிறகு தண்ணீர் குடித்தார்.

அந்த நாள் வந்தது. கடை திறப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள். பெட்டிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், இடது சுவர் ஓரம், கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றார். கறுப்பு நரிகள் இடுப்புயரம் அடுக்கியிருந்தன. வலது சுவரில் வெள்ளை நரிகள் ஒரே ஒரு தட்டில், ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

முதலில் குடைக்காரர். நேராக உள்ளே வந்தவர் வலது பக்கம் திரும்பினார். பெட்டிக்காரர் அன்போடு அவர் முழங்கையைத் தொட்டு இந்தப் பக்கம் என்று திருப்பினார். குடைக்காரர் மறுபடி அந்தப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நரி இங்க இருக்கு."

"இல்லப்பா. எங்க வீட்ல வெள்ளை."

பெட்டிக்காரர் சிரித்தார், அவர் ஏதோ மறந்துவிட்டார் என்பதுபோல். "இத்தன நாளா இங்க நின்னு கறுப்புலதான ஆடினீங்க?"

"ஆமா. வீட்ல இருந்திருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கப் போறேன்? கறுப்பு வச்சிருக்கறவங்க மூணாம் பாகத்த எப்பவோ முடிச்சிட்டு உக்காந்திருப்பாங்களே."

சொல்லிவிட்டு வெள்ளை டிஸ்க் ஒன்றை எடுத்துக் குடைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வாத்தியார் பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு வலது பக்கம் நழுவினார். டிவி முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வலது பக்கம் போனார்கள். சும்மா ஆடுகிறவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்ற சட்டத்தால் இவர் நிறம் கேட்காமல் விட்ட அத்தனை பேரும். முன்பெல்லாம் நின்றவர்கள் கடைசியில் கறுப்பு வாங்கினார்கள், ஏனென்றால் நரி வேறெங்கும் இல்லை. இப்போது நரி அவர்கள் வீட்டுக்கே வரும்போது எதற்கு இன்னொரு பெட்டி?

கறுப்புக்காரர்கள் வரவில்லையா என்றால், வந்தார்கள், நிதானமாக. அவசரம் இல்லை, தங்கள் சுவரில் அடுக்கிக் கிடக்கும் என்று தெரியும். வெகுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வாங்குவதற்காக வரவில்லை, வாங்க மாட்டேன் என்று சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். எல்லாரிடமும் போய்விட்ட நரி தனக்கு வேண்டாம் என்று உணர்ச்சியோடு சொன்னார். பெட்டிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மறுநாள் வந்து வாங்கிப் போனது வேறு விஷயம்.

காலைத் தேநீர் வருவதற்குள் வெள்ளைத் தட்டில் ஒரே ஒரு டிஸ்க் மிச்சம். மச்சான் இன்னும் சரக்குக் கிடைக்குமா என்று ஏஜென்டுக்குப் போன் செய்ய வாசலுக்குப் போயிருந்தார். அப்போதுதான் பேக்கரி அக்கா வந்தார். அடுப்பில் ஏதோ தகராறு, அதனால் தாமதம். மூச்சு வாங்கிக்கொண்டு வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். அந்த ஒற்றை டிஸ்க் தட்டின் ஓரத்தில் சாய்ந்து கிடந்ததால் அவர் கண்ணில் படவில்லை. கடையில் அப்போது இருந்தவர் பெட்டிக்காரர்தான், கல்லாவில் அவர் மனைவி, தடுப்பின் மேலே எட்டிப் பார்த்தபடி நான்.

"வெள்ளை முடிஞ்சுடுச்சாங்க?" என்றார் அக்கா. "முடிஞ்சிருந்தா பரவால்ல. பழைய கறுப்புப் பெட்டி ஒண்ணு இருந்தாக் குடுங்க, அதோடயே எடுத்துக்கறேன். மிச்ச நேரத்துக்கு லீவு சொல்லிட்டு வந்துட்டேன், வெறுங்கையோட போக முடியாது."

பழையபடி நரி கழுத்தில் கயிறு கட்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. தலையை ஆட்டினால் போதும். ஒரு பெட்டி போகும், ஒரு கறுப்பு நரி போகும், வலது சுவரில் ஒன்று மிச்சம் இருக்கும்வரை முன் கண்ணாடியும் போகாது. அவர் மனைவி பில் புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பார்த்தார்.

பெட்டிக்காரர் இரண்டு முறை கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நேர்கோட்டில்தான். பிறகு, இத்தனை நாளாக அந்த அக்காவிடம் கேட்காமல் விட்டதைக் கேட்டார்.

"வீட்ல என்ன நிறம்?"

"வெள்ளைதாங்க. தம்பிக்கு வாங்கினது."

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப இன்னொரு பெட்டி எதுக்கு?" என்றபடி வலது சுவருக்குப் போனார். அந்தச் சுவருக்கு அவர் போவதை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். எந்தத் தட்டு என்றுகூடச் சரியாகத் தெரியாமல் கையை மேலே கீழே கொண்டுபோனார். ஓரத்தில் கிடந்த கடைசி டிஸ்க்கை எடுத்து, உறையைத் துடைத்து அக்கா கையில் கொடுத்தார். "பில் போடு" என்று மனைவியிடம் சொன்னார்.

மச்சான் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தார். காலித் தட்டைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், போனில் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டார்.

"என்ன பாக்கிற?" என்றார் பெட்டிக்காரர். "நீ கேட்ட அளவுக்கு நான் வெள்ளை போட்டிருந்தேன்னு வை, நீ இன்னும் வித்துட்டுத்தான் இருந்திருப்ப. என் கஞ்சத்தனத்தால ஜெயிச்ச. ஞாபகம் வச்சுக்க."

"ஞாபகம் இருக்கும் அத்தான்" என்றார் மச்சான். காலித் தட்டைத் துடைக்கப் போனார். அவருக்கும் பெருந்தன்மை உண்டு என்பது அன்று தெரிந்தது. அது மதியச் சாப்பாடு வரைக்கும்தான் நீடித்தது.

அடுத்த நாள் காலையில் பெட்டிக்காரரே முன் கண்ணாடியை மாற்றினார். கறுப்பு உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினார். அட்டை நரியின் காலடியிலிருந்து டேப்பை உரித்தார். வெள்ளை முத்திரையின் ஒரு பகுதி டேப்போடு வந்துவிட்டது. அதைப் பொறுமையாக எடுத்துப் பசை தடவி மறுபடி ஒட்டினார். கிழிந்த இடம் இப்போதும் தெரிகிறது, நரியின் காதுக்குப் பொருத்தமாக. மச்சான் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்க வந்தபோது மட்டும் அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணாடி உன்னது. துடைக்கிறது என்னது. நீ வட்டமாத் துடைப்ப."

அதற்குப் பிறகு அவர் ஓய்ந்துபோவார் என்று நினைத்தவர்கள் அவரைத் தெரியாதவர்கள். இரண்டே நாளில் அவரிடம் ஒரு தத்துவம் பிறந்துவிட்டது. கடையில் நிற்கிறவன் எல்லாம் வீட்டில் அது இல்லாதவன். ஆகவே ஓர் ஆட்டம் எல்லாப் பெட்டிக்கும் வந்தால், நிற்கிற கூட்டத்தைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு மட்டும் வந்தால் நேராகப் படிக்க வேண்டும். இதை ஏஜென்டிடம் சொன்னார், தேநீர் கொண்டுவருகிறவரிடம் சொன்னார், லென்ஸ் மாற்ற வந்த என் வாடிக்கையாளரிடம் தடுப்பின் மேல் எட்டிச் சொன்னார். கேட்டவர்கள் இவர் ஆரம்பத்திலிருந்தே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டு போனார்கள். இவரும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. குடைக்காரரிடம் மட்டும் இதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மழையைப் பற்றிப் பேசினார்.

பழைய சட்டமும் போயிற்று. இப்போது சும்மா ஆடுகிறவரிடமும் நிறம் கேட்கிறார். மிக மென்மையாக, அவர்கள் ஆட்டத்தில் தோற்று நிற்கும் நேரம் பார்த்து.

சில வாரம் கழித்துப் பேக்கரி அக்கா மறுபடி வந்தார். நான்காம் பாகத்தை முடித்துவிட்டாராம். நரிக்கு எப்படிக் காது போனது என்று அதில் சொல்லவே இல்லை, தெரிந்தே ஆக வேண்டும் என்றார். அது இரண்டாம் பாகத்தில் வரும். இரண்டாம் பாகம் இன்றும் கறுப்பில் மட்டும்தான். மச்சான் தன் சுவரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு, "அத்தான், உங்க சுவத்துக்கு ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். அக்கா அன்றைக்குப் பழைய கறுப்புப் பெட்டி ஒன்றும் மூன்று பாகங்களும் வாங்கிப் போனார். அன்று மாலை முழுக்கப் பெட்டிக்காரர் வெறுமனே விசில் அடித்துக்கொண்டிருந்தார், அதைத் தாங்குவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் அந்த அக்கா ஏதோ புது விளையாட்டுக்காக வந்தார். அதுவும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வந்ததுதான். பெட்டிக்காரர் வாசலிலேயே எதிர்கொண்டு, கையைப் பாதி நீட்டியபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல என்ன நிறம்?"

"இப்ப ரெண்டும் இருக்குங்க."

அவர் கை இடது சுவருக்கும் போகாமல் வலது சுவருக்கும் போகாமல் நடுவில் நின்றது. மச்சான் வலது பக்கமிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இப்படி ஒரு பதில் பெட்டிக்காரருக்கு வந்ததில்லை.

கல்லாவிலிருந்து அவர் மனைவி சொன்னார். "என்னங்க, கையை இறக்குங்க. எந்தச் சுவத்துலருந்து எடுத்தாலும் காசு கல்லாவுக்குத்தான். அவங்கள நேரா எங்கிட்ட அனுப்புங்க."